கண்ணில்லார்க்குக் கால் கூலியா?

1938-ஆம் ஆண்டு ஜூன் 25. அமெரிக்க நாட்டுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உழைப்பவனுக்கு மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பாட்டாளி பாராட்ட வேண்டிய சட்டந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் பால் நிறைந்த அந்தக் குவளையிலே ஒரு துளி நஞ்சும் இருந்தது. 14-ஆம் பிரிவு என்பது அதன் பெயர். உடற்குறை உடையோர்க்கு அந்த 25 சென்ட் கூடத் தர வேண்டியதில்லை, சர்க்காரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டால் போதும் என்றது அந்தப் பிரிவு!

ஏன்? அவர்கள் வேலை செய்யமாட்டார்கள் என்பதாலா? செய்யமாட்டார் என்றால் வேலைக்கு எடுப்பானேன்? செய்கிறார், ஆனால் குறைவாகச் செய்கிறார் என்கிறார்கள். அதை அளக்கும் அழகைக் கேளுங்கள், தோழர்களே! குறையில்லாத ஒருவரை உட்கார வைத்து, கடிகாரத்தைக் கையிலே பிடித்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி முடிக்கிறார் என்று எண்ணுவார்கள். பிறகு பார்வையற்றவரை உட்கார வைத்து எண்ணுவார்கள். அவர் 100, இவர் 40 என்றால், அவர் கூலியில் 100-க்கு 40 பங்குதான் இவருக்கு.

கணக்குச் சரிதானே என்பீர்கள். சரியல்ல! பட்டறையை அமைத்தவன் யார்? பார்வையுள்ளவன். கருவி எங்கே, அளவுகோல் எப்படி என்று தீர்மானித்தவன் யார்? அவனேதான். கண்ணுக்கென்றே அமைத்த மேசையில் கண்ணில்லாதவரை அமர்த்திவிட்டு, கை மெதுவாக ஓடுகிறதே என்று கூலியை வெட்டுவது, காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்துவதல்லவா? உருப்படிக் கூலிக்கு உழைத்த நெசவுத் தோழரைக் கேளுங்கள், சொல்வார். நூல் மட்டமாக வந்தால் உருப்படி குறையும், பழியோ கைக்கு!

அதே நாளிலே இன்னொரு சட்டமும் கையெழுத்தாயிற்று. வாக்னர்–ஓ'டே சட்டம். பார்வையற்றோர் பட்டறைகள் செய்யும் துடைப்பம் முதலியவற்றைச் சர்க்கார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அது. நல்ல காரியம். ஆனால் துடைப்பத்துக்கு விலை உறுதி, துடைப்பம் கட்டியவருக்குக் கூலி உறுதியில்லை! அந்தத் திட்டத்தின் ஒப்பந்த வேலைகளில் குறைகூலி கூடாது என்ற விதி வந்தது 2022-இல். 84 ஆண்டுகள்!

இதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஜேகபஸ் டென்புரூக். சிறு வயதில் அம்பு விளையாட்டில் காயம்பட்டு, பின்னர் பார்வையை முழுதும் இழந்தவர். சட்டம் கற்றுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். 1940-இல் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பை நிறுவினார். பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் சங்கமல்ல, பார்வையற்றோரே நடத்தும் சங்கம். இந்த வேறுபாட்டை நம் இயக்கத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1966-இல் திருத்தினார்கள்: குறைந்தபட்சக் கூலியில் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்று. அதிலும் விலக்குகள். 1986-இல் அந்தப் பாதியும் போயிற்று. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் துறை இந்தச் சான்றிதழ்களைப் படிப்படியாக ஒழிக்க முன்மொழிந்தது. 2025 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த வலையில் இப்போது சிக்கியிருப்போரில் பெரும்பாலோர் அறிவு வளர்ச்சிக் குறையுடையோர். ஆனாலும் பார்வையற்றோர் சங்கம் போராட்டத்தை விட்டுவிடவில்லை.

குறைகூலி இல்லையேல் இவர்களுக்கு வேலையே இராது என்று கண்ணீர் வடிக்கும் தருமவான்கள் உண்டு. அவர்களுக்கு விடை கருவியில் இருக்கிறது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் ஒரு மென்பொருளைத் தொடங்கினார். என்.வி.டி.ஏ. என்று பெயர். கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும், தமிழும் படிக்கும், காசு கிடையாது. அதைக் கொண்டு கணக்கும் எழுதலாம், கடிதமும் அடிக்கலாம். ஆனால் அலுவலகம் வாங்கிப்போட்ட மென்பொருளிலே பொத்தான்களுக்குப் பெயர் எழுதாமல் படம் மட்டும் ஒட்டியிருந்தால், அது "பொத்தான், பொத்தான்" என்றுதான் படிக்கும். சோம்பியவர் ஒருவர், வேலையிழப்பவர் மற்றொருவர்!

நம் நாட்டில் இந்த நோயில்லை என்று மார்தட்ட வேண்டாம். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, உடற்குறை உடைய தொழிலாளர்க்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆணையிடச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சர்க்கார் வேலையில் 100-க்கு 4 இடம் ஒதுக்கிற்று. அதில் 1 பார்வையற்றோர்க்கும் பார்வை குன்றியோர்க்கும். வேலை கிடைத்தது, சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கைப்பேசியிலே கணக்குத் தொடங்கப் போனால், "உயிரோடிருப்பதைக் காட்டக் கண்ணைச் சிமிட்டு" என்கிறது இயந்திரம்! யாரிடம்? கண்ணில்லாதவரிடம்! 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மின்னணு வசதியை அடைவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, சிமிட்டாமலும் சரிபார்க்க வழிசெய்யச் சொல்லிற்று.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது இரண்டு வரிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரே வேலைக்குப் பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கூலி. புதிய இயந்திரமோ மென்பொருளோ வாங்குமுன், பார்வையற்ற தொழிலாளி ஒருவர் அதை இயக்கிப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். நிர்வாகம் முதல் வரிக்கு எளிதில் தலையாட்டும், இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.