போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்…

"கம்ப்யூட்டரில் டெலீட் ஆன பைலை மீட்கும் சாப்ட்வேர் இருக்கிறதாமே, அதை இதில் போட்டுப் பாருங்கள் தம்பி" என்று சொல்லி, அண்ணி தன் செல்போனை என்னிடம் நீட்டினார்.

போன் புதிதுபோல் இருந்தது. அதுதான் பிரச்சினையே. நான்கு நாட்களுக்கு முன் அது ஆன் ஆகும்போதே கம்பெனி லோகோவோடு நின்றுவிட்டது. அண்ணன் அலுவலகம் போகிற வழியில் ஒரு கடையில் கொடுத்தார். "சாப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும் சார்" என்றார்கள். மாலையில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். போன் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. படங்கள் இல்லை, வீடியோ இல்லை, வாட்ஸ்அப் செய்திகள் இல்லை.

படங்களைப் பற்றி அண்ணி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. முந்தைய ஆண்டு காலமான அவருடைய அம்மா, எழுதத் தெரியாததால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புவார். "சாப்பிட்டாயா, பிள்ளைக்கு ஜுரம் விட்டதா" என்று தினமும் வந்த அந்தக் குரல்கள்தான் அண்ணிக்கு வேண்டும்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அண்ணனும் தவறு செய்யவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். "இந்த வேலை செய்தால் உள்ளே இருப்பது அழியுமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. உங்கள் வீட்டில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை வைத்தே இந்த இழப்பைத் தடுத்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்த ரிப்பேரில் தகவல் அழியும்?

போனில் உள்ள படங்களும் செய்திகளும் உள்ளே உள்ள போர்டில், ஸ்டோரேஜ் சிப் ஒன்றில் இருக்கின்றன. டிஸ்பிளே, பேட்டரி, ஸ்பீக்கர், சார்ஜ் ஏற்றும் ஜாக் ஆகியவை தனித்தனி பாகங்கள். இவற்றை மாற்றும்போது அந்தச் சிப்பில் யாரும் கை வைப்பதில்லை. எனவே தகவல் அழியத் தேவையில்லை.

"சாப்ட்வேர் போடுவது", "பிளாஷ் செய்வது", "ரீசெட் அடிப்பது" என்று கடைகளில் சொல்லப்படும் வேலைகள் வேறு வகை. இவற்றில் பெரும்பாலும் உள்ளே இருப்பது முழுவதும் அழிக்கப்படும். சில மாடல்களில் உங்கள் தகவலைத் தொடாமல் சிஸ்டம் பைல்களை மட்டும் மாற்றி எழுதவும் முடியும். எனவே "டேட்டா அழியாமல் செய்ய வழி இருக்கிறதா? முதலில் அதை முயன்று பாருங்கள். அழிக்கத்தான் வேண்டும் என்றால் எனக்குப் போன் செய்து கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். இதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு முயற்சிகள் செய்து பார்க்கலாம். போன் லோகோவோடு நின்றுவிட்டால், பவர் பட்டனையும் ஒலியைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 முதல் 20 விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் இது போனை வலுக்கட்டாயமாக அணைத்து மீண்டும் ஆன் செய்யும். இதனால் தகவல் எதுவும் அழியாது. ஆனால் அப்போது கறுப்புத் திரையில் ஆங்கில மெனு வந்தால், அதில் "வைப் டேட்டா" என்ற வரியை மட்டும் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை அதுதான்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். பிறகு போனை அணைத்துவிட்டு ஜாக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு அங்கே அடைந்திருக்கும். பல் குத்தும் மரக் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். ஊசியோ குண்டூசியோ வேண்டாம்.

பின்பக்கம் உப்பி, மூடி விலகினால் மட்டும் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். அது வீங்கிய லித்தியம் பேட்டரி. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், உடனே கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அழிந்தது ஏன் திரும்பாது?

கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு பைலை டெலீட் செய்தால், அதன் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து நீங்கும். பைல் அதே இடத்தில் சில காலம் கிடக்கும். மீட்பு சாப்ட்வேர் அந்த மிச்சத்தைத் தேடி எடுக்கிறது.

இன்றைய போன்களில் கதை வேறு. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலிருந்தே வேகமான புதிய போன்களில் தகவல்களைப் பூட்டி எழுதுவது கட்டாயமானது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதை எல்லாப் புதிய போன்களுக்கும் விரிவாக்கியது. ஐபோனிலும் இப்படியே. அதாவது ஒவ்வொரு படமும் ஒரு ரகசியச் சாவியால் குழப்பி எழுதப்படுகிறது. ரீசெட் செய்யும்போது போன் அந்தச் சாவியை அழித்துவிடுகிறது. அதன்பின் சிப்பில் மிச்சம் இருந்தாலும் அது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். திருடன் கையில் போன் சிக்கினால் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, இங்கே நமக்கே கதவை மூடிவிடுகிறது.

ஆகவே, ரீசெட் ஆன போனிலிருந்து பழைய படங்களை எடுத்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம். தனியாகச் செருகும் மெமரி கார்டு இதில் விதிவிலக்கு. அதில் டெலீட் ஆனவற்றைப் பல நேரங்களில் மீட்க முடியும்.

கம்ப்யூட்டரில் காப்பி எடுப்பது எப்படி?

1. போனின் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணையுங்கள். லாக் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் போனைக் காட்டும்; ஆனால் உள்ளே காலியாக இருக்கும்.

2. முதலில் சார்ஜ் மட்டுமே ஏறும். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றிய ஒரு அறிவிப்பு தெரியும். அதைத் தட்டி, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறிவிப்பே வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். மலிவான சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டுமே இருக்கும்.

3. கம்ப்யூட்டரில் திஸ் பிசி என்பதைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் டிரைவ்களுடன் போனின் பெயரும் தெரியும். டபுள் கிளிக் செய்து உள்ளே செல்லுங்கள்.

4. டிசிஐஎம் என்ற போல்டரில்தான் கேமராவில் எடுத்த படங்களும் வீடியோக்களும் இருக்கும். டிஜிட்டல் கேமராக் காலத்திலிருந்து தொடரும் பெயர் இது. எந்த நிறுவனத்தின் போனிலும் இதே பெயர்தான். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு பிக்சர்ஸ் போல்டரையும், இறக்கியவற்றுக்கு டவுன்லோட் போல்டரையும் பாருங்கள்.

5. ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, கம்ப்யூட்டரில் தேதியிட்ட புதிய போல்டர் ஒன்றில் பேஸ்ட் செய்யுங்கள். கட் கொடுக்க வேண்டாம். பாதி வழியில் கேபிள் கழன்றால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். முடிந்ததும் சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் சரிபாருங்கள்.

ஐபோன் என்றால், கேபிளை இணைத்ததும் போனில் தோன்றும் கேள்விக்கு டிரஸ்ட் என்று பதில் தர வேண்டும். கம்ப்யூட்டரில் கேமரா படங்கள் மட்டும் தெரியும். முழு பேக்கப் எடுக்க ஆப்பிள் தரும் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் புரோகிராம் தேவை.

கம்ப்யூட்டரில் எடுத்ததோடு நிறுத்தாமல், முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் பழுதாகும்.

"எல்லாம் கூகுளில் இருக்கிறதே" என்று சிலர் நினைப்பார்கள். கூகுள் போட்டோஸில் படங்களை அளவின்றி இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ந் தேதியோடு முடிந்தது. மெயில், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இடம் நிரம்பினால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். அண்ணி விஷயத்தில் நடந்தது இதுதான். பேக்கப் ஆன் செய்துதான் இருந்தது. ஆனால் அது நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதன் உள்ளே சாட் பேக்கப் என்று சென்று, கடைசி பேக்கப் என்றைக்கு நடந்தது என்று இன்றே பாருங்கள்.

கடைக்குப் போகும்போது

* சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் ஓடிபி அந்தச் சிம்முக்குத்தான் வரும்.

* *#06# என்று டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும். குறித்து வையுங்கள். போன் வந்த அட்டைப் பெட்டியிலும் இது அச்சிடப்பட்டிருக்கும்.

* கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று சோதியுங்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், மெனு வழியாக அல்லாமல் வேறு வகையில் ரீசெட் ஆன போன், பழைய கணக்கைக் கேட்டே திறக்கும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் போன் சரியாகியும் பயன்படாது.

* டெஸ்ட் செய்வதற்காகக் கடையில் லாக் எண்ணைக் கேட்பார்கள். சாம்சங் 2022-லும், கூகுள் பிக்ஸல் 2023 டிசம்பரிலும் இதற்கென ஒரு மோடைக் கொண்டு வந்தன. அதை ஆன் செய்தால், உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்து, வெறும் போன் மட்டும் தெரியும். உங்கள் மாடலில் இந்த வசதி இருந்தால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் மெயின்டெனன்ஸ் அல்லது ரிப்பேர் மோட் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் சிறு வேலைகளை எதிரில் அமர்ந்தே செய்து வாங்குங்கள். யுபிஐ பின் எண்ணை எந்தக் காரணத்துக்கும் சொல்ல வேண்டாம்.

திரும்ப வாங்கும்போது ஐஎம்இஐ எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டு கேமராக்கள், ஸ்பீக்கர், மைக், சார்ஜ் ஆகியவற்றைக் கடையிலேயே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பீரோவில் இருந்த போன்

அண்ணியின் போனில் எதையும் மீட்க முடியாது என்பதை நான் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பேசி அனுப்பினால், பெறுபவர் போனில் மட்டுமல்ல, அனுப்பியவர் போனிலும் அந்தப் பைல் இருக்கும். "உங்கள் அம்மாவின் போன் எங்கே அண்ணி?" என்று கேட்டேன். ஊரில், பீரோவில், அம்மாவின் புடவைகளோடு இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணியின் தங்கை அதைக் கொண்டு வந்தார். நீண்ட நாள் கிடந்த பேட்டரி என்பதால், சார்ஜ் போட்டு அரை மணி நேரம் வரை திரையில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு உயிர் வந்தது. பேட்டர்ன் லாக் தங்கைக்குத் தெரியும். வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்குகள் நீக்கப்படுவது வழக்கம். ஆனால் போனில் உள்ள பைல்கள், வாட்ஸ்அப் புரோகிராமை நீக்காத வரை அப்படியே இருக்கும். எனவே எதையும் தொடாமல் கேபிளை இணைத்து முதலில் காப்பி எடுப்பதே பத்திரம்.

ஆண்ட்ராய்டு போல்டரில் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப்பின் பெயர் கொண்ட போல்டர், அதற்குள் மீண்டும் வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே செல்ல வேண்டும். பழைய போன்களில் வாட்ஸ்அப் போல்டர் வெளியிலேயே இருக்கும். அங்கே வாய்ஸ் நோட்ஸ் என்ற போல்டரில், ஆண்டும் வாரமும் சேர்ந்த எண்களைப் பெயராகக் கொண்ட சிறு சிறு போல்டர்கள் இருந்தன. உள்ளே இருப்பவை ஓபஸ் என்ற வகை ஒலி பைல்கள். விஎல்சி பிளேயரில் டபுள் கிளிக் செய்தால் பாடும்.

மொத்தப் போல்டரையும் கம்ப்யூட்டரில் காப்பி செய்தோம். பென் டிரைவில் இரண்டாவது காப்பி. தங்கைக்கு ஒன்று. அதன் பிறகு ஒரு பைலை டபுள் கிளிக் செய்து, ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

எல்லோர் வீட்டிலும் இப்படி இன்னொரு போன் பீரோவில் இருக்காது. கேபிள் உங்களிடம் இருக்கிறது, கம்ப்யூட்டரும் இருக்கிறது. போன் நன்றாக வேலை செய்யும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.