இரண்டு ஏடுகளும் ஒரு பெயரும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது முன்னோர் மொழி. ஆயினும், ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் வரலாற்றை நோக்குவோர், அம்மொழியைச் சற்றே மாற்றிச் சொல்ல நேரிடும். ஏட்டில் ஏறாத பெயர் எதற்கும் உதவாது என்பதே அவர்கள் கண்ட பாடமாகும்.

அக்காலத் தோட்டங்களிலே விடியுமுன் பிரட்டுத் தப்பு முழங்கும். நமுனுகுலை மலையில் பனி விலகுவதற்குள் ஆண்களும் பெண்களும் பிரட்டுக்களத்திற் கூடிவிடுவர். அன்றைய வேலைக்குப் பதிவதைப் 'பேர் போடுதல்' என்பர். பேர் விழுந்தாற் கூலி உண்டு. விழாவிடின் அன்று அடுப்பு எரிவது ஐயம். இவ்வாறு, செக்றோல் என்னும் வேலைப் பதிவேட்டிலே பாட்டன், தந்தை, மகன் என வழிவழியாகப் பெயர்கள் நிலைத்திருந்தன. நாட்டின் வாக்காளர் இடாப்பிலோ அதே பெயர்கள் ஏறின; பின்னர் மறைந்தன. இது எவ்வாறு நிகழ்ந்தது?

வந்ததும் போனதும்

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அது நிபந்தனைகளுடனேயே வந்தது. எனினும், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த பலர் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர் பதுளைத் தொகுதியில் வென்ற எஸ். எம். சுப்பையா ஆவார்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிற் பிறந்து, கொழுந்துக் கூடையின் அருகே வளர்ந்தவர்களிடம் அத்தகைய பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கே வாக்கு என்றாயிற்று. பிரஜாவுரிமை இழந்தோர் வாக்கையும் இழந்தனர்.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, 1951 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியோர் சுமார் 8,25,000 பேர். பிரஜைகளாகப் பதியப்பட்டோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. உரிமை கேட்டு 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு, இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோல்வியுற்றது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 9,75,000 பேரின் தலைவிதியை எண்களாற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பிற்பாட்டுக்கு.

கடலுக்கு அப்பால்

அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இத்தகைய போராட்டம் ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை 1870 முதலே சட்டத்தில் இருந்தது. ஆனால் இடாப்பிற் பெயர் சேர்க்கச் சென்றால், அரசியற்றிட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டுமாறு கேட்டுத் திருப்பியனுப்பினர். இதனை வெல்ல, 1957ஆம் ஆண்டு தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவில், ஒரு கடையின் பின்னறையிலே முதியோர் வகுப்பொன்று தொடங்கிற்று. கற்பித்தவர் பேர்னிஸ் ராபின்சன் என்னும் சிகையலங்காரப் பெண்மணி. துணைநின்றவர் ஆசிரியை செப்டிமா கிளார்க். பகலெல்லாம் வயலில் உழைத்தோர் இரவில் தம் பெயரை எழுதப் பழகினர். அவ்வகுப்புகள் மாநிலந்தோறும் பரவின. 1965 ஆகஸ்ட் 6இல் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டம் அந்த வாசிப்புத் தேர்வை அகற்றியது.

அங்கே தடையாய் நின்றது எழுத்து. இங்கே தடையாய் நின்றது பத்திரம். அங்கே சட்டம் தந்ததை அதிகாரிகள் மறுத்தனர். இங்கே சட்டமே பறித்தது. ஆயினும் இரண்டிடத்தும் பெயரை மீட்க உதவியது கல்வியே. நம் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை 1970களிலேதான் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆதலின் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவரைத் தேடி மலையேறி அலைந்த குடும்பங்கள் பலவாயின.

இன்றைய கடமை

1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்னும் பெயரைத் துடைத்தன. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகளாயினர். 2003இல் தொண்டர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று நடத்திய பதிவு முயற்சியால், பத்தே நாட்களில் 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். 2024 நவம்பர் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் வென்று பாராளுமன்றம் புகுந்தபோது, அவர்களுள் ஒருவராகப் பதுளை மாவட்டத்து அம்பிகா சாமுவேலும் இருந்தார்.

அப்படியாயின் கடமை முடிந்ததா? அன்று. சில ஆண்டுகளுக்கு முன் சாதாரண தரப் பரீட்சைக்காக என் மாணவி ஒருத்தியின் அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்தேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தந்தை 'கறுப்பையா'. பெற்றோரின் விவாகப் பதிவில் 'கருப்பன்'. தந்தையின் அடையாள அட்டையில் 'கருப்பையன்'. ஒரே மனிதர், மூன்று பெயர்கள்! எழுதியவர்களுக்கு அது ஓர் எழுத்துப் பிழை. அவளுக்கோ பரீட்சை மண்டபத்தின் வாயில். பல நாள் அலைந்து திருத்தினோம்.

மாணவச் செல்வங்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியின் பெயரும் தந்தையின் பெயரும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக உள்ளனவா? கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பைக் கேட்டு, வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய அனைவரும் அதில் உளரா என நோக்குங்கள். பசறையிலோ லுணுகலையிலோ அப்புத்தளையிலோ, எழுதத் தெரியாத அயலவர் ஒருவர் இருப்பின் அவருக்கும் இதனைச் செய்து கொடுங்கள்.

அடையாள அட்டை கைக்கு வந்த அன்று அம்மாணவியின் தந்தை பாடசாலைக்கு வந்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் சரியா விழுந்திருக்குங்களா, சேர்?" என்றார். சரியாகவே விழுந்திருந்தது.