செய்மதி காணும் வயலும் காணாத உரிமையும்

நெற்பயிரைக் கண்காணிக்க இன்று செய்மதிகள் பயன்படுகின்றன. எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது, எங்கே வெள்ளம் நின்றது, எங்கே பயிர் அழிந்தது என்பனவற்றை அலுவலகத்தில் இருந்தவாறே கணிக்க முடிகின்றது. காணியைப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இதனால் நன்மையும் உண்டு. அறியாதிருந்தால் பாதிப்பும் உண்டு. ஆகவே இதனை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

முகிலுக்கு மேலிருந்து பார்ப்பது எப்படி?

சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செய்மதிக்கு முகில் ஒரு தடை. நமது பெரும்போகமோ வடகீழ்ப் பருவமழையோடு தொடங்குவது. இக்குறையை ராடர் செய்மதிகள் போக்குகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2014ஆம் ஆண்டு முதல் ஏவிவரும் சென்ரினல்-1 செய்மதிகள் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நுண்ணலைகளை நிலத்துக்கு அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. அவ்வலை முகிலை ஊடுருவும், இரவிலும் தொழிற்படும். ஒரு செய்மதி 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் மீண்டும் வரும். படங்களுக்குக் கட்டணம் இல்லை.

நீர் கட்டிய வயல் கண்ணாடி போன்றது. அதில் பட்ட அலை மறுபக்கம் தெறித்துவிடுவதால் வயல் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் மட்டம் வெடித்து உயர உயர, தாளிலும் இலையிலும் பட்டுத் திரும்பும் அலை கூடும், படம் வெளுக்கும். இம்மாற்றத்தை வரிசையாக ஒப்பிட்டே, இது நெல், இன்ன காலத்தில் விதைத்தது என்று கணினி கணிக்கின்றது.

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்தபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்கெடுத்த ஒரு திட்டத்தின் ராடர் தகவல்கள், பயிர்க் காப்புறுதி இழப்பீட்டுக்குரிய கிராமங்களை இனங்காண உதவின.

செய்மதியின் குறைகள்

முதலாவது, புழுதி விதைப்பு. உலர்ந்த மண்ணில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் வயலில் தொடக்கத்தில் நீர் நிற்பதில்லை. நீரின் கறுப்பைத் தேடும் கணினி அதைத் தவறவிடக்கூடும்.

இரண்டாவது, சிறு துண்டுகள். படத்தின் ஒரு கட்டம் 10 மீற்றர் சதுரம். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40 கட்டங்கள் அடங்கும். கால் ஏக்கர் துண்டில் பத்தே கட்டங்கள். அவற்றிலும் வரம்பும் மரமும் அயல் வயலும் கலந்துவிடும்.

மூன்றாவது, கைவிடப்பட்ட வயல். நமக்கு இதுவே முக்கியமானது. பல ஆண்டுகளாக விடத்தலும் நாயுண்ணியும் மூடிய வயல், வானிலிருந்து பார்த்தால் பற்றைக்காடுதான். அது யாருடைய காணி, ஏன் விட்டுப் போனார்கள் என்பதைச் செய்மதி அறியாது. அப்படத்தை மட்டும் வைத்து வரைபடம் வரைந்தால், ஒரு குடும்பத்தின் முதுசம் காடு என்று பதியப்பட்டுவிடும்.

2025 மார்ச்சில் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோருமாறு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. எதிர்ப்பின் பின்னர் அது மீளப்பெறப்பட்டது. அவ்வேளை கையில் ஆவணம் இல்லாதோர் பட்ட கலக்கத்தை நாம் மறக்கலாகாது.

நாம் செய்யவேண்டியவை

1. உறுதி தொலைந்திருப்பின் அதன் இலக்கம், நொத்தாரிசின் பெயர் முதலியவற்றைத் தேடியெடுத்து, காணிப் பதிவகத்தில் பிரதி கோருங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

2. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமக்காணி இடாப்பு உண்டு. அதில் உங்கள் பெயர் உள்ளதா எனக் கமநல சேவை நிலையத்தில் பாருங்கள். இது உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் பயிரிட்டவர் யார் என்பதற்கு நல்ல ஆதாரம். பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகளையும் பேணுங்கள்.

3. காணிக்குச் செல்லக்கூடியோர் கைத்தொலைபேசியின் ஜீ.பி.எஸ். வசதியால் எல்லை மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத இடத்தில் இறங்க வேண்டாம். செல்ல முடியாதோர் குளம், வாய்க்கால், அயற்காணிக்காரர் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

4. லான்ட்சாட் செய்மதிகள் 1982 முதல் 30 மீற்றர் கட்டங்களில் எடுத்த படங்கள் 2008 தொடக்கம் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லா ஆண்டுக்கும் தெளிந்த படம் இராது. ஆயினும் இன்று காடாய்த் தோன்றும் இடம் முன்பு வயல்வெளியாய் இருந்ததை அவை காட்டக்கூடும். ஊர்ச் சங்கமாகச் சேர்ந்து, படம் வாசிக்கத் தெரிந்தோரின் உதவியை நாடுங்கள்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பறிபோனது பொய்ச் சாட்சியால் என்று விவிலியம் கூறுகின்றது. செய்மதி பொய் சொல்வதில்லை. ஆனால் பாதியே சொல்கின்றது. மீதியைச் சொல்லவேண்டியவர்கள் அம்மண்ணில் உழுதவர்களே.