மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

1990ஆம் ஆண்டு பொருளாதாரத் தடை வந்ததும் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. ஆயினும் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ போட்டியும் ஓடிக்கொண்டே இருந்தன. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். கர்ப்பிணித் தாய்மாரையும் நோயாளரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்த வாடகைக் கார்கள் இவையே.

இது எவ்வாறு இயன்றது? 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் எளிமையான கார். அதன் எஞ்சினில் அமுக்கம் குறைவு. ஆகவே தரம் குறைந்த எரிபொருளையும் ஏற்றுக்கொண்டது. ஊர்க் கராஜிலேயே கழற்றிப் பூட்டலாம். ஆனால் அந்த மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலின் தடிப்பைக் குறைக்கும். பிளக்கில் கரி படியும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் எஞ்சின் விரைவில் தேய்ந்துவிடும்.

பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டவோ, மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றவோ எண்ணும் குடும்பங்கள் இதை மனதில் கொள்வது நல்லது. வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உதிரிப்பாகங்கள் அருகிலுள்ள பட்டினத்தில் கிடைக்குமா? திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா? ஒயில், ரயர், காப்புறுதி, வரி ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? கடன் வாங்கினால் தவணைக் காசு அறுவடை வரை காத்திராது. கொப்பி ஒன்றில் ஒவ்வொரு செலவையும் எழுதி, கூட்டிப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள். தனித்து இயலாதெனில், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதைப் பற்றிச் சங்கத்தில் பேசுங்கள்.