சைக்கிள் வாங்கும் முன் எக்செல்லில் ஓட்டிப் பாருங்கள்!

சைக்கிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல சைக்கிள் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் 'ஜியோமெட்ரி' என்ற அட்டவணையைத் தங்கள் இணையதளத்தில் தருகின்றன. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த எண்களை எக்செல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் கால்க்கிலோ போட்டால், எது முதுகைப் பதம் பார்க்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். அறுபதைத் தாண்டிய என் அப்பாவுக்கு சைக்கிள் தேடியபோது இப்படித்தான் செய்தேன்.

முதலில் ஸ்டாக், ரீச். பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூப்பின் மேல்முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக்; எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 600 மி.மீ., 380 மி.மீ. என்றால் 1.58 வரும். இந்த எண் கூடக்கூட நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் ஹேண்டில்பார் இந்தக் கணக்கில் வராது. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த பழைய ஹெர்குலிஸ் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் பின்னோக்கி வளைந்து நம் கைக்கே வந்துவிடும்.

அடுத்து ட்ரெயில். ஹேண்டில் தானாக நேராக நிற்க உதவும் அளவு இது. சக்கரத்தின் ஆரத்தை ஹெட் டியூப் கோணத்தின் காஸ் மதிப்பால் பெருக்கி, ஃபோர்க் ஆஃப்செட்டைக் கழித்து, சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 330 மி.மீ., 70 டிகிரி, 45 மி.மீ. என்றால் விடை 72 மி.மீ. உங்களுக்கு 212 வருகிறதா? பயப்படாதீர்கள். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். கோணத்தை ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டால் சரியாகிவிடும்.

எங்களுக்கு முக்கியமாக இருந்தது சீட் டியூப் கோணம். ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிற்கும்போது கால் தரைக்கு எட்ட வேண்டும். அந்த வயதில் சரிந்து விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது. பெடல் அச்சிலிருந்து சீட் வரை 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோணம் 73 டிகிரி என்றால் சீட்டின் உயரம் 622 மி.மீ.; 68 என்றால் 603. காலுக்குக் கிடைக்கும் நீட்டம் குறையாமலே சீட் 19 மி.மீ. இறங்கி, 53 மி.மீ. பின்னால் போய்விடுகிறது. அமெரிக்காவின் எலெக்ட்ரா கம்பெனி 'டவுனி' மாடலில் இதே வழியில் இன்னும் வெகுதூரம் போனது. பெடலையே முன்னால் தள்ளி, உட்கார்ந்தபடியே பாதம் தரையில் பதியும்படி செய்தது. மேடு ஏறும்போது எழுந்து மிதிப்பது அதில் சிரமம். நம் பேட்டையில் மேடு ஏது?

டயர் அகலத்துக்கும் ஒரு காலம் ஒதுக்குங்கள். வேகத்தடையில் 25 மி.மீ. டயரும் 50 மி.மீ. டயரும் ஒன்றல்ல. அட்டவணை தராத மாடல் என்றால் கடைக்கு இஞ்ச் டேப்புடன் போங்கள். மொபைலில் லெவல் ஆப்பைத் திறந்து சீட் டியூப் மேல் வைத்தால் கோணத்தைக் காட்டிவிடும்.