குழாயில் வருது கேஸ்... உங்க அடுப்படி தயாரா?

"டாக்டர், சென்னையில பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். சிலிண்டரே இல்ல. குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி கேஸ் வருது. நம்ம வீட்டுக்கும் வந்தா வாங்கலாமா?"

நாடி பார்த்து, மருந்து எழுதி முடித்த பிறகு என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். 'இதை ஏன் வைத்தியரிடம் கேட்கிறார்கள்' என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்தலைவி தினமும் மூணு, நாலு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிறார். அங்கே அவர் இழுக்கும் மூச்சுதான் பிறகு இருமலாக, இளைப்பாக, தலைவலியாக எங்களிடம் வருகிறது. ஆகவே கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்கிறார்கள்!

என் பதில் இதுதான். வாங்கலாம். ஆனால் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் உங்கள் அடுப்படியில் நின்று மேலே பாருங்கள், கீழே பாருங்கள், காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். குழாய் கேஸ் வந்தால் உங்கள் முதுகுக்கும் தோளுக்கும் நிம்மதி. ஆனால் நுரையீரலுக்கு ஜன்னல்தான் நிம்மதி தரும்!

இரண்டும் ஒரே கேஸ் இல்லை

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்கள். அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி 14.2 கிலோ அடைத்துத் தருகிறார்கள். குழாயில் வருவது இயற்கை எரிவாயு. பெரும்பாலும் மீத்தேன். நம் காவிரிப் படுகையிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் பூமிக்கடியில் கிடைப்பது இதுதான். கப்பலில் குளிர்வித்துத் திரவமாகக் கொண்டுவந்து இறக்குவதற்காக எண்ணூர் துறைமுகத்தில் 2019-ல் ஒரு முனையம் தொடங்கினார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து மேடைக்கு அடியில், மூலையில், படிக்குக் கீழே போய்த் தேங்கும். குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, காற்றின் எடையில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கசிந்தால் மேலே ஏறும். வெளியேற வழியிருந்தால் சீக்கிரம் போய்விடும். அந்த வகையில் அது கொஞ்சம் பாதுகாப்பானது. ஆனால் கூரைக்குப் பக்கத்தில் வழியே இல்லையென்றால்? பரண், லாஃப்ட் என்று மேலே உள்ள இடங்களில் சேர்ந்துவிடும்.

அதனால் சிலிண்டர் வைத்திருப்பவருக்குத் தரையோரம் காற்று போக வழி வேண்டும். குழாய் கேஸ் வாங்குபவருக்குக் கூரையோரம் வழி வேண்டும். கேஸ் கசிவைக் கண்டுபிடித்துச் சத்தம் கொடுக்கும் கருவியையும் இதே கணக்கில் பொருத்த வேண்டும். சிலிண்டர் காலத்தில் தரைக்குப் பக்கத்தில் வைத்ததை, குழாய் வந்த பிறகும் அங்கேயே விட்டால் பயனில்லை.

முற்றத்தை மூடினோம், புகைபோக்கியும் போச்சு!

திருவண்ணாமலையில் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் முற்றம் இருக்கும். அடுப்படிச் சுவரின் உச்சியில் புகை போக ஓட்டை இருக்கும். விறகு எரித்த காலத்துக்காகக் கட்டியது அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, நகரில் பல வீடுகள் மாறிவிட்டன. முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு அறையாக்கி வாடகைக்கு விட்டாயிற்று. சமையலறை நடுவில் மாட்டிக்கொண்டது. இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. 2024-ல் நம் ஊர் மாநகராட்சி ஆன பிறகு வீடுகள் இன்னும் நெருங்கத்தான் போகின்றன.

இப்படிப்பட்ட அடுப்படிக்கு முதல் செலவு கேஸ் இணைப்பு இல்லை. கூரையோரம் ஒரு துவாரமும், வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் முதல் செலவு. பக்கத்து அறைக்குள் தள்ளும் ஃபேன் கணக்கில் சேராது, வெளியே தள்ள வேண்டும்!

நீலச் சுடரும் மூச்சும்

"கேஸ்ல புகையே இல்லையே டாக்டர், பிறகென்ன?" என்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த கேஸ் எரிந்தாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. சிலிண்டரானாலும் குழாயானாலும் இதில் தப்பில்லை. ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைக்கு இது மூச்சுக்குழாயை உறுத்தும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013-ல் 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கேஸ் அடுப்பில் சமைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு மற்ற வீட்டுக் குழந்தைகளைவிட 42 சதவிகிதம் அதிகமாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ விறகே தேவலையா?" என்று கிளம்பிவிடாதீர்கள். விறகுப் புகைக்கும் கேஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுப் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும், மற்ற மூன்று நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் அதை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். விறகிலிருந்து கேஸுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022-ல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் வித்தியாசம் தெரியவில்லை. அடுப்பை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

ஆகவே விறகிலிருந்து சிலிண்டருக்கு வந்தது பெரிய தாவல். சிலிண்டரிலிருந்து குழாய்க்குப் போவது ஒரு சின்ன அடி. இன்னும் பல வீடுகளில் சமையலுக்கு கேஸ், கொல்லைப்புறத்தில் வெந்நீருக்கு விறகடுப்பு! அதில் பழைய செருப்பு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் போகிறது. அந்த அடுப்பை அணைக்காமல் குழாய் கேஸ் வாங்கிப் பிரயோஜனமில்லை.

'பித்தம்' என்று ஏமாறாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

காலையில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். நம் வீடுகளில் உடனே என்ன சொல்வோம்? "பித்தம் ஏறிடுச்சு. இஞ்சிச் சாறு குடி." பல நேரம் அது பித்தமாகவே இருக்கும். ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பிடிவாதமாக இது உட்கார்ந்துகொள்ளும். அறிகுறியும் அதே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்தான்!

வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? அடுப்படியிலோ குளியலறையிலோ இருக்கும்போது தலைவலி வந்து, வெளியே திண்ணையில் உட்கார்ந்தால் தெளிகிறதா? வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை சுற்றுகிறதா? காய்ச்சலே இல்லாமல் இப்படி இருக்கிறதா? அப்படியானால் பித்தத்தைச் சந்தேகப்படாதீர்கள், அடுப்பைச் சந்தேகப்படுங்கள். அடுப்பை அணைத்து, எல்லோரும் வெளியே வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு மருந்து ஆக்சிஜன். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

குழாய் கேஸ் வந்ததும் பலருக்கு வரும் அடுத்த ஆசை, குளியலறையில் கேஸ் கீசர். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும் சின்ன அறைக்குள் கேஸ் கீசர் வைக்கவே வைக்காதீர்கள். இப்படிக் குளிக்கப் போய் மயங்கி விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. வைத்தே தீரவேண்டும் என்றால் கீசர் அறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும். இன்னொரு விஷயம், கேஸ் கசிவு காட்டும் கருவி வேறு, கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

சுடரைப் படியுங்கள்

சித்த மருந்து செய்பவர்களுக்குத் தீ என்பது பெரிய பாடம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயின் அளவுகளைப் பாடமாகவே படித்தோம். ஒரு மருந்துக்கு எந்தத் தீ என்பதில் தவறினால் மருந்தே கெட்டுவிடும். அதே கவனம் வீட்டு அடுப்புக்கும் வேண்டும்.

சுடர் நீலமாக, நிலையாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக அலைந்தால், பாத்திரத்தின் அடி கரியானால், கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பர்னர் துளையில் பால் பொங்கிய அடைப்பு இருக்கலாம், அல்லது ஜெட் பொருத்தமில்லாமல் இருக்கலாம்.

ஜெட் என்பது கேஸ் வெளிவரும் ஊசித்துளை. ஒரே அளவு வாயுவில் குழாய் கேஸுக்கு வெப்பம் குறைவு. அதனால் அதற்குப் பெரிய துளை வேண்டும். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் தீ சோம்பலாக எரியும். குழாய்க்கு மாற்றிய அடுப்பை ஊருக்கு எடுத்துப்போய்த் திரும்ப சிலிண்டரில் மாட்டினாலோ தீ திகுதிகுவென்று மேலே எழும். கரி, கார்பன் மோனாக்சைடு எல்லாம் கூடவே வரும். மாற்றுவதை இணைப்புக் கொடுப்பவரின் ஆளே செய்யட்டும். வீட்டில் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

கஷாயம் எட்டில் ஒன்றாக வற்றுகிறவரை காய்ச்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேஸில் காய்ச்சுவதால் குணம் குறையாது. சிறு தீயில் வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக் காய்ச்சுங்கள். பக்கத்திலேயே நின்று ஆவி பிடிக்க வேண்டாம்!

யாருக்கு அவசியம், யாருக்கு அவசரமில்லை?

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வசிக்கும் வயதான தம்பதிக்குக் குழாய் கேஸ் பெரிய உதவி. நிரம்பிய சிலிண்டர் சுமார் முப்பது கிலோ. அதை உருட்டப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டு வருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குடலிறக்கம் உள்ளவர், கர்ப்பிணி, மாடி வீட்டுக்காரர், இவர்களுக்கெல்லாம் லாபம். பௌர்ணமி, தீபம் என்றால் வண்டி தெருவுக்குள் வருவதே கஷ்டமான நம் ஊரில், "சிலிண்டர் எப்போ வரும்" என்ற கவலையும் தீரும்.

வருஷத்துக்கு ஒரு முறை வீடு மாறும் வாடகைக்காரருக்கு அவசரமில்லை. சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். இளைப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டில், முடிந்த சமையலை இன்டக்‌ஷன் அடுப்பிலும் ரைஸ் குக்கரிலும் செய்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த அளவு குறையும். தாளிப்புப் புகை மட்டும் எந்த அடுப்பிலும் வரும். அதற்கு மறுபடியும் ஜன்னல்தான், ஃபேன்தான்.

விலையையும் சரியாக ஒப்பிடுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் தரும் வெப்பம், ஏறக்குறைய 17, 18 கன மீட்டர் குழாய் கேஸுக்குச் சமம். அவர்கள் சொல்லும் ஒரு கன மீட்டர் விலையை 18-ஆல் பெருக்கி, உங்கள் சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். மீட்டருக்கு மாத வாடகை இருந்தால் அதையும் சேருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

• திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எவ்வளவு, திரும்பாத கட்டணம் எவ்வளவு?

• சிலிண்டர் இணைப்பை ஒப்படைக்க வேண்டுமா? எழுத்தில் வாங்குங்கள்.

• சப்ளை நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? அதுவரை சமைக்க ஒரு மின் அடுப்பு கையில் இருக்கட்டும்.

• அவசர போன் எண் எது? மீட்டர் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 1906 என்பது சிலிண்டர் கசிவுக்கான எண்.

• அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் ட்யூப் குழாய் கேஸிலும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதுதானா? அதில் அச்சிட்ட தேதி என்ன? ஐந்து வருஷத்தில் மாற்றுங்கள்.

• குழாயை அலமாரிக்குள் மறைத்துப் பெட்டி அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கண்ணில் படும்படி இருப்பதே பாதுகாப்பு.

• கேஸ் வாசனை வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போங்கள். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். போனையும் வெளியே போய்ப் பேசுங்கள்.

இன்று மாலை ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அடுப்பு எரியும்போது அடுப்படியின் உச்சியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். கேஸ் வாசனை ஏதும் இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். புகை வெளியே போனால் குழாய் கேஸுக்கு உங்கள் வீடு தயார். அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றால், விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.