திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: எதற்காக?

2026 ஜனவரி முதல் சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில், பள்ளி நேரம் முழுவதும் மாணவர்கள் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்த அனுமதி இல்லை. பாட நேரத்துடன் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியச் சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்துள்ளது.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தங்கை இதைப் பற்றிப் பேசும்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எங்களுக்கு ஸ்கூல் ரூல் போடுது. உனக்கு யாருக்கா ரூல் போடுவாங்க?”

நியாயமான கேள்வி. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விரிவுரை மண்டபத்தில் யாரும் என் கைப்பேசியை வாங்கி வைப்பதில்லை. என் தங்கைக்கும் பள்ளி முடிந்து வீடு திரும்பியபின் அதே நிலைதான். விதி முடியும் இடத்தில் நமக்கென்று ஒரு நோக்கம் தேவைப்படுகிறது.

“குறைக்க வேண்டும்” என்று நம்மில் பலர் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். புத்தாண்டில் சொல்கிறோம், தேர்வு நெருங்கும்போது சொல்கிறோம். ஆனால் எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதனால்தான் அது இரண்டு நாளுக்குமேல் தாக்குப்பிடிப்பதில்லை.

நம் மனவுறுதி மட்டும் இதற்குக் காரணமில்லை. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முன்பெல்லாம் இணையத்தளங்களிலும் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்த வேண்டியிருந்தது. போதுமா, இன்னும் வேண்டுமா என்று யோசிக்க அந்த ஒரு நொடி இடம் கொடுத்தது. 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரையை உருவாக்கினார். அந்த ஒரு நொடி காணாமற்போனது. அதன் விளைவுகளை எண்ணிப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். 2016இல் இன்ஸ்டகிராம், பதிவுகளை நேர வரிசைப்படி காட்டுவதை விட்டு, நாம் எதை விரும்பக்கூடும் என்று கணித்து அடுக்கத் தொடங்கியது. நாம் எவ்வளவு நேரம் தங்குகிறோமோ அவ்வளவு விளம்பரங்களைக் காட்டலாம் என்பது இத்தகைய தளங்களின் வருமான வழி.

ஆக, செயலிக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. நாம் நோக்கம் இல்லாமல் உள்ளே போனால் அதன் நோக்கமே நடக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமே என்று பெரியவர்கள் கேட்கலாம். அது அத்தனை எளிதல்ல. எங்கள் குழுப்பணிப் பேச்சு முழுவதும் டெலிகிராமில் நடக்கிறது. பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் நிகழ்ச்சி அறிவிப்புகள் இன்ஸ்டகிராமில் வருகின்றன. ஈப்போவில் இருக்கும் எங்கள் பாட்டி தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூப்படத்துடன் வணக்கம் சொல்கிறார். யாராவது பதில் அனுப்பாவிட்டால் மாலைக்குள் அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். இவை எதையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் இந்தக் கல்விப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தேன். நான் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலியின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி, அதன் பக்கத்தில் “எதற்காக?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதினேன். டெலிகிராம்: குழுப்பணிக்காக. வாட்ஸ்அப்: குடும்பத்துக்காக. இன்ஸ்டகிராம்: பள்ளித் தோழிகளின் தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க. டிக்டாக்குக்கு வந்தபோது பேனா நின்றது. சிரிப்பதற்காக என்று எழுதினேன். அதுவும் நல்ல காரணம்தான். ஆனால் சிரிப்பதற்கு எத்தனை நிமிடம் தேவை என்று நானே முடிவு செய்ய முடியும் அல்லவா? அதற்கு மட்டும் 20 நிமிட வரம்பு வைத்தேன்.

கவனிப்பதே பாதிப் பலன் தரும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 143 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் மூன்று வாரங்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சேட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் மட்டும் பயன்படுத்தினர். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தனர். குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற அச்சமும் இரு பிரிவினரிடமுமே குறைந்திருந்தன. தங்கள் பயன்பாட்டைத் தாங்களே கவனித்து வந்ததன் பலனாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நோக்கத்தை எழுதினால் மட்டும் போதாது. அது அன்றாடத்தில் எங்கே, எப்போது நடக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர். “இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்” என்ற வடிவில் திட்டமிடுபவர்கள், வெறுமனே “செய்ய வேண்டும்” என்று எண்ணுபவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அவரது முடிவு. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே முடிவு உறுதிப்பட்டது.

இதன்படி நான் எழுதிக்கொண்டவை மூன்று.

ஒன்று, காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறினால், முதலில் டெலிகிராம் குழுவுக்குப் பதில் எழுதுவேன். எழுதி முடித்ததும் கைப்பேசி பைக்குள் போய்விடும்.

இரண்டு, இரவு 11 மணி ஆனால், கைப்பேசியை வரவேற்பறையில் மின்னேற்ற வைப்பேன். காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொண்டேன்.

மூன்று, ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்தால், இன்ஸ்டகிராமில் அந்த வாரம் நான் பார்த்த தோழிகளுள் ஒருவரை அழைத்துப் பேசுவேன்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்த தோழி ஒருத்தி, இப்போது வேறொரு கல்வி நிலையத்தில் படிக்கிறாள். அவளது படங்களில் எப்போதும் காப்பிக் கடையும் கடற்கரையும் சிரிப்பும்தான். ஒரு ஞாயிறு அவளை அழைத்தேன். முதல் பத்து நிமிடம் பழைய ஆசிரியர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள்: “படிப்பை விட்டுடலாமான்னு இருக்கு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல.” அன்று ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினோம். அடுத்த வாரம் அவள் தன் கல்வி நிலையத்தின் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனாள். வாசல்வரை நானும் உடன் சென்றேன். அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் சில பாடங்கள் கடினமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

அவள் பதிவிட்டவை எதுவும் பொய்யல்ல. கடற்கரைக்குப் போனது உண்மை, சிரித்ததும் உண்மை. ஆனால் படத்தில் போட முடியாதவற்றைக் குரலில்தான் கேட்க முடியும்.

நீங்களும் தொடங்க நினைத்தால், சில சிறிய வசதிகள் கைகொடுக்கும். 2022இல் இன்ஸ்டகிராம், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் பார்க்கும் வசதியை மீண்டும் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் ஒவ்வொரு செயலிக்கும் நேர வரம்பு வைக்கலாம். தேவையற்ற அறிவிப்புகளை நிறுத்திவிட்டால், நாம் நினைக்கும்போது செயலியைத் திறப்போம், அது கூப்பிடும்போது அல்ல.

ஒரே நாளில் பத்து நோக்கங்கள் வேண்டாம். தேர்வு வாரத்தில் ஒன்று, விடுமுறையில் வேறு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் நடக்கவில்லை என்றால் மறுநாள் தொடரலாம். இது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு, தண்டனை கிடையாது.

வீட்டிலும் ஒரு சிறு மாற்றம் தெரிகிறது. “எந்நேரமும் போன்தானா?” என்று அம்மா கேட்டால் முன்பு பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்போது “பாட்டிக்குப் பதில் போடுறேன்மா”, “ப்ராஜெக்ட் குரூப்ல பேசுறேன்மா” என்று சொல்ல முடிகிறது. சில நேரம், “சும்மா சிரிக்கிறேன், இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு” என்றும் சொல்வேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்.

தங்கையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எனக்கு நானேதான் விதி எழுத வேண்டும், அவளும் ஒரு நாள் எழுதுவாள். இன்று நீங்கள் அதிகம் திறக்கும் ஒரு செயலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில், “நான் இதைத் திறப்பது” என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். முடிக்க முடிந்தால், அதுவே உங்கள் முதல் நோக்கம். முடிக்க முடியாவிட்டால், அந்தச் செயலி உங்கள் முதல் திரையில் இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.